ஒரு ‘இல்லை’, கீழே ஒரு கோடு

செவிலியர் சங்கத்து மலருக்கு இனிமையான அனுபவம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று நித்யா கேட்டாள். எண்ணூர்ப் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த நகர்ப்புற சுகாதார நிலையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண் அவள். முப்பத்தைந்து வருடம் ஊசி போட்டவளிடம் போய் இனிமையைக் கேட்கிறாளே என்று சிரித்துக்கொண்டுதான் சரி என்றேன். பேச்சோடு பேச்சாக, பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனைக்கு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள், இனிமேல் பதிவேடு தூக்க வேண்டியதில்லை அக்கா என்று சொல்லி, அதன் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரையில் குழந்தையின் பெயர், எடை, உயரம், கண், பல். அதற்குக் கீழே ‘ஒவ்வாமை’. அதற்கு நேராக ‘இல்லை’ என்று டிக் அடித்தே வருகிறது. குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அம்மாவை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், மெஷினுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையாம். ‘இருக்கிறது’ என்று மாற்ற வேண்டுமானால் இன்னொரு பக்கத்தைத் திறந்து ஆறு கேள்விக்குப் பதில் போட வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒரு வேலையும் கிடையாது, விரலால் தள்ளினால் அடுத்த குழந்தை வந்துவிடும்.

நித்யாவைக் கூப்பிட்டுக் கத்தித் தீர்த்தேன். பாவம், அதை அவளா செய்தாள்? முழுக்கக் கேட்டுவிட்டு, “ஒரு நாளைக்கு நூறு பிள்ளைங்கக்கா. யாரு உக்காந்து ஒண்ணொண்ணா மாத்துவா?” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். மலர்க் குழுவினர் இனிமைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கல்மண்டபத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மூன்று வருட நர்சிங் படிப்பில் அலர்ஜி என்றால் பென்சிலின், அவ்வளவுதான். முன்கையின் உள்பக்கம் தோலுக்கடியில் துளி மருந்தை ஏற்றி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் கழித்து வட்டத்தைத் தாண்டித் தடித்திருக்கிறதா என்று பார்ப்போம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். சாப்பாட்டுத் தட்டில் இருக்கிற ஒன்று குழந்தையின் மூச்சை நிறுத்தும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்கு வராத பத்தி என்று அதைத் தாண்டிப் போனோம்.

பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் பல வருடம் இருந்தபோதுதான் அந்தப் பத்தி உயிரோடு வந்து நின்றது. ஒரு விஷயத்தை அங்கே கற்றேன். தோலில் தடிப்பு மட்டும் என்றால் பதற வேண்டாம், கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். தடிப்போடு வாந்தியோ, இருமலோ, மூச்சு இழுப்போ, குரல் மாற்றமோ சேர்ந்துவிட்டால் உட்காரக் கூடாது. தொண்டை உள்ளே வீங்குகிறது என்று அர்த்தம். குழந்தை வீறிட்டு அழுதால் எனக்கு நிம்மதி. அழுகை கரகரத்து அடங்கினால்தான் ஓடுவேன். அப்போது வேண்டிய மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. அதை விட்டுவிட்டு அரிப்புக்கு ஒரு ஊசி, ஸ்டீராய்டு ஒரு ஊசி என்று ஜோடியாகப் போட்டு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வேன். அந்த ஜோடி ஊசி வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் தொண்டை மூடிவிடும். அட்ரினலின் என்றால் டாக்டர்களுக்கே ஒரு பயம், இதயம் படபடக்குமாம். நின்றுபோன இதயம் படபடக்காது என்று ஒருவரிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம்தான் எண்ணூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். காலையில் ஜன்னல் கட்டையை விரலால் தடவினால் சாம்பல் ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் அது என்ன செய்தது என்பதை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டவள் நான். ஆனால் அந்தச் சாம்பல் எங்கள் சோம்பேறித்தனத்துக்கும் போர்வையாகிவிட்டது. இருமலா, சாம்பல். தடிப்பா, சாம்பல். வாந்தியா, அதற்கும் சாம்பல். புகைபோக்கி மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் யாரையும் மேற்கொண்டு கேள்வி கேட்க வேண்டியதில்லையே.

அங்கே இருந்த மருத்துவ அலுவலரை டாக்டர் என்றே சொல்கிறேன். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கஞ்சி போட்ட சட்டை. வந்ததும் மேஜையை ஒருமுறை கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்து வலப்பக்கம் வைப்பார். பேனா மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைப்பார். நோயாளி பேசும்போது நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே இருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில், “பார்த்துக்கலாம், சிஸ்டர்.” ஆக்சிஜன் சிலிண்டர் காலி என்றாலும் பார்த்துக்கலாம். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் பார்த்துக்கலாம். அவசர மருந்துகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பார், ஏனென்றால் ஒரு ஆம்பூல் மருந்துக் குப்பி குறைந்தால் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அட்ரினலின் ஆம்பூலையும் ஒரு மில்லி சிரிஞ்சையும் ஊசி போடும் அறையில் ஒரு தட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் பார்த்துக்கலாம்தான். நாலாவது தரம் அதையே அனுமதி என்று வைத்துக்கொண்டு, மருந்தாளுநரிடம் கையெழுத்துப் போட்டு எடுத்து, சிரிஞ்சை ஆம்பூல் பெட்டியோடு பிளாஸ்டரால் ஒட்டித் தட்டில் வைத்தேன். தினமும் காலையில் ஆம்பூலை வெளிச்சத்தில் பிடித்து, மருந்து பழுப்பாக மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கீர்த்தனாவை முதலில் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது. காத்திவாக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா வேலு போட்டில் போகிறவர், அம்மா தேவி இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. ஒரு கல்யாண விருந்தில் இறால் தொக்கு சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, முதுகெல்லாம் தடித்து வந்தாள். என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டு எத்தனை நிமிஷம், இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி ஆனதா என்று வரிசையாகக் கேட்டேன். முன்பே ஒருதரம் இறால் வறுவல் சாப்பிட்டு வாய் அரிக்கிறது என்று அழுதாளாம். சுண்ணாம்பு தடவினார்களாம். எனக்குச் சந்தேகமே இல்லை. இனி இந்தப் பெண்ணுக்கு இறால், நண்டு இரண்டும் ஆயுசுக்கும் கூடாது என்று தேவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி டாக்டரைக் கேட்டேன். பார்த்துக்கலாம் என்றார்.

வேலு சிரித்தார். கடலில் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இறால் ஆகாதா, வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்று அவர் அக்கா யோசனை சொன்னாளாம். தேவி அத்தனை பேரையும் எதிர்த்து நின்றாள். வீட்டில் இறால் சமைப்பதையே நிறுத்தினாள். கொட்டகையிலிருந்து வந்தால் குளித்துப் புடவை மாற்றாமல் பிள்ளையைத் தொட மாட்டாள், நான் அப்படிச் சொல்லியிருந்தேன். தன் தட்டில் இறால் இல்லாமல் வேலு போட்ட சண்டையை அவள் எப்படிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. அஞ்சாவது வரை படித்த பெண் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள்.

இப்போது பள்ளிக்கூடப் பரிசோதனை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். டேப்லெட்டைத் திட்டுவதால் பதிவேட்டுக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலை ஒன்பதரைக்குப் போனால் மதிய மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்க முடிக்க வேண்டும். எடை மெஷின் ஒரு பக்கம், பல் பார்ப்பது ஒரு பக்கம், பிள்ளைகள் வரிசையில் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். பதிவேட்டில் ஒவ்வாமை என்று ஒரு பத்தி. முதல் பிள்ளைக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதுவோம். அடுத்த பிள்ளைகளுக்கு எழுத மாட்டோம். அந்த ‘இல்லை’யிலிருந்து பக்கத்தின் அடி வரைக்கும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோடு கோணலாக இருந்தால்தான் மேலதிகாரி திட்டுவார். சாயங்காலம் நிலையத்தில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையின் மஞ்சள் மருத்துவ அட்டையிலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதி, முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புவோம். ஒப்புக்குச் செய்கிற வேலை. எல்லோரும் செய்தார்கள்.

கீர்த்தனாவுக்கு ஆறு வயதானபோது, ஒரு சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. வெளிநோயாளிகள் போய்விட்டார்கள், டாக்டர் சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து தேவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர், ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் அதில். வழியில் இரண்டு தரம் வாந்தி. கழுத்து, வயிறு எல்லாம் தடிப்புத் தடிப்பாக ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தது. கீர்த்தனா அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள், பாதி காற்றுதான் வந்தது. ஆணுடைய குரல் மாதிரி ஒரு கரகரப்பு.

“எறால் குடுத்தியாடி?” என்றேன். கேட்டேன் என்று எழுதினால் அது பொய், கத்தினேன். சுற்றி ஆயாவும் மருந்தாளுநரும் நின்றார்கள், அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன்.

“சத்தியமா குடுக்கலக்கா. எறாலு வூட்டுக்குள்ளயே வர்றதில்ல” என்றாள்.

நான் நம்பவில்லை. வீட்டில் யாரோ கொடுத்துவிட்டார்கள், மறைக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு வருடம் என் பேச்சை வேதவாக்காக வைத்து நடந்தவளைப் பொய்க்காரி என்று நினைக்க எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். காலையிலிருந்து சாம்பல் காற்று, இவளுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு, நெபுலைசர் வைத்து அந்த ஜோடி ஊசியையும் போடுங்கள் என்றார். தடிப்பு, வாந்தி, குரல், மூன்றும் இருக்கிறது, அட்ரினலின் போட வேண்டும் என்றேன். சின்னக் குழந்தையின் இதயம், அவசரப்படக் கூடாது என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் தேவியின் கவரை வாங்கி, மஞ்சள் அட்டையை உருவி, என் பக்கம் திருப்பினார். குரலை உயர்த்தவில்லை.

“ஒவ்வாமை இல்லைன்னு எழுதியிருக்கே, சிஸ்டர். இது உங்க கையெழுத்துதானே?”

என் கையெழுத்துதான். எட்டு மாதத்துக்கு முன்னால் நான் எழுதியது. கீர்த்தனா, ஒன்றாம் வகுப்பு, ஒவ்வாமை: இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒவ்வாமை இருக்கிறது என்று அந்த வட்டாரத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான். அவள் வரிசையில் வந்து என் எதிரே நின்றிருக்கிறாள், எடை பார்த்திருக்கிறேன், பல் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டுக்குள் அவளும் போய்விட்டாள்.

அவமானப்பட அப்போது நேரமில்லை. தேவியிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டேன். “இன்னா சாப்ட்டா, சொல்லு.”

“சோறு. கத்திரிக்கா.”

“கத்திரிக்காயில இன்னா போட்ட?”

“சென்னாக்கூனிக்கா. அது கருவாடு தானே.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்னாக்கூனி என்பது விரல் நகத்தைவிடச் சின்னப் பொடி இறால். வெயிலில் காயவைத்து, கருவாட்டுக் கூடையில் வைத்துப் படியால் அளந்து விற்பார்கள். கத்திரிக்காயில் போடுவோம், முருங்கைக்கீரையில் போடுவோம், வெங்காயத்தோடு வறுத்துச் சோற்றில் பிசைவோம். எங்கள் பக்கத்தில் யாரும் அதை இறால் என்று நினைப்பதில்லை. இறால் வேறு, கூனி வேறு. இறால் விருந்து, கூனி அன்றாடம். எனக்கும் அப்படித்தான், பால் குடி மறந்த நாளிலிருந்து தின்றவள். தேவிக்கு நான் சொன்ன பட்டியலில் இறால் இருந்தது, நண்டு இருந்தது, கூனி இல்லை. கருவாட்டுக் கூடையில் இருப்பதை நான் எப்படி இறாலில் சேர்ப்பேன்? ஆனால் குழந்தையின் உடம்புக்குக் கூடை தெரியுமா?

தட்டை எடுத்தேன். கண் மதிப்பில் பிள்ளை பதினெட்டு கிலோ. ஆம்பூலை உடைத்து, ஒரு மில்லி சிரிஞ்சில் பாயின்ட் ஒன் எய்ட் மில்லி இழுத்தேன், காற்றைத் தட்டி வெளியேற்றினேன். பாவாடையை விலக்கி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், நேராகக் குத்தி முழுக்கத் தள்ளினேன். “சிஸ்டர், இது சரியில்லை,” என்றார் டாக்டர், அதே குரலில். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, நேரம் எழுதிக்கொள்ளச் சொல்லி ஆயாவிடம் சொன்னேன். மூச்சுக்கு வசதியாகப் பிள்ளையைத் தேவியின் மடியில் சாய்த்து உட்காரவைத்து ஆக்சிஜன் வைத்தேன். அதற்கப்புறம்தான் நெபுலைசர்.

மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ. உலகத்திலேயே நீளமான நிமிஷங்கள் அவைதான். திடீரென்று கீர்த்தனா மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீல் என்று அழுதாள். தெளிவான, காது கிழிகிற அழுகை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் இது முதல் தரம் அடங்கினாலும் மறுபடியும் வரக்கூடியது. ஆம்புலன்சை வரவழைத்து, மிச்சமிருந்த ஆம்பூலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நானும் ஏறினேன். டாக்டர் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சைரன் போட்டு என்ன பயன், லாரிக்கு ஒதுங்க இடமில்லை. அங்கே வைத்துத்தான் இரண்டாவது தரம் குரல் கரகரத்தது. இரண்டாவது ஆம்பூலை மறு தொடையில் போட்டேன். வண்டி நகர்ந்தது. பிள்ளை தூங்கவில்லை, என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு தரம் குத்தியவள் இல்லையா.

 அப்போதுதான் தேவி பேசினாள், என்னைப் பார்க்காமல், பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு.

“எனக்கு முன்னாடியே டவுட்டு தான்க்கா. ரெண்டு வர்சமா கூனி கூடப் போடாம தான் இருந்தேன். உங்கள ஒரு தபா கேட்டுக்கலாம்னு இருந்தேன். அப்பால அட்டை வந்துச்சு. நீங்களே ‘இல்லை’ன்னு எழுதி சீல் போட்டு அனுப்பிச்சிருந்தீங்க. சரி, எறாலு வேணாம், கூனி போட்டா பரவால்லன்னு சொல்றீங்கன்னு நெனச்சிக்கினேன். இன்னிக்கு தான் மொத தபா போட்டேன்.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது இன்றுவரை ஆறவில்லை. படிக்காத அம்மா பயந்து பயந்து காப்பாற்றி வைத்திருந்த பிள்ளையை, படித்த நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தள்ளிவிட்டேன்.

கீர்த்தனா பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து நல்லபடியாகத் திரும்பினாள். எனக்கு மெமோ வந்தது. மருத்துவ அலுவலரின் உத்தரவு இல்லாமல் குழந்தைக்கு ஊசி செலுத்தியது ஏன், உத்தரவு இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியேறியது ஏன், இரண்டு ஆம்பூல் குறைவதற்கு விளக்கம் என்ன. கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ‘தூசியால் கடும் இழுப்பு. நெபுலைசரில் முன்னேற்றம். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது.’ டாக்டரின் அழகான கையெழுத்து. கேஸ் ஷீட்டில் ஊசியே கிடையாது. மெமோவில் ஊசியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. எவ்வளவு சுத்தமாகப் பூசி மெழுகியிருக்கிறார் மனிதர் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று பக்கம் பதில் எழுதினேன். அறிகுறி, நேரம், அளவு, இடம் எல்லாம் எழுதினேன். எச்சரிக்கை கொடுத்து முடித்தார்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் வேறு. மெமோ போட்டவரிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி வரைக்கும் ஒருவர்கூட என்னைக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அந்த அட்டையில் ‘இல்லை’ என்று ஏன் எழுதினாய்? கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. என் வேலையே போயிருக்கலாம். ஆனால் கேட்டால் எல்லோரும் போட்ட எல்லாக் கோட்டையும் கேட்க வேண்டி வரும். அதனால் ஊசியைக் கேட்டார்கள். குழந்தையைக் காப்பாற்றிய ஊசிக்கு விளக்கம், கொல்லப் பார்த்த கோட்டுக்கு முத்திரை. நானும் அந்த மூன்று பக்கத்தில் கோட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கேட்காததற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவரைப் பூசி மெழுகினார் என்று மேலே எழுதினேனே, நானும் அதைத்தான் செய்தேன். கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு இது என் பதில்.

அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை நான் கோடு போடவில்லை. பரிசோதனைக்கு முந்தின நாள் அம்மாக்களை வரச்சொல்லி டீச்சரிடம் சொல்வேன். இறால், நண்டு, சென்னாக்கூனி, முட்டை, பால், வேர்க்கடலை என்று அவர்கள் சமையலறைப் பெயரிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி, சாப்பிட்டு வாய் அரித்ததா, தடித்ததா, வாந்தி வந்ததா என்று கேட்பேன். ஒரு நாளில் முடிகிற பள்ளிக்கூடம் மூன்று நாளாகும். இலக்கை முடிக்காத நிலையம் என்று மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவார்கள். நின்றேன். அப்படிக் கேட்டுக் கேட்டு நான் கண்டுபிடித்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது.

நித்யா படம் அனுப்பிய மறுநாள் மனசு கேட்காமல் காத்திவாக்கத்துக்குப் போனேன். கீர்த்தனா இப்போது ப்ளஸ் ஒன், புதுப் பள்ளிக்கூடம். வகுப்புக்குப் போயிருந்தாள். தேவி டீ போட்டுக் கொடுத்தாள். அவளிடம் டேப்லெட்டைப் பற்றிச் சொன்னேன், திரையைக் காட்டினேன். அவள் எழுந்து போய் அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். மஞ்சள் அட்டை ஓரமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. என் ‘இல்லை’யின் மேல் நீலப் பேனாவால் நாலைந்து தரம் அழுத்தி அடித்திருந்தாள். பக்கத்தில் குண்டு குண்டாக, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தாள். ‘எறால். நண்டு. சென்னாக்கூனி.’ நான் பார்த்த அத்தனை அட்டையிலும் அந்தப் பத்தி ஒழுங்காக நிரம்பியிருந்தது அது ஒன்றில்தான்.

“டீச்சர் மாறினா, டாக்டர் மாறினா, இத்த தான்க்கா எடுத்துக்கினு போய் காட்டுவேன்” என்றாள். அப்புறம் என் போனை வாங்கி, அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிக் அடித்திருந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இதுல நான் எங்கக்கா அடிச்சி எழுதறது?”

 அந்தத் திரையைச் செய்தவர்கள் யாராவது இந்த மலரைப் படித்தால், தேவியின் வீட்டுக்கு வழி நான் காட்டுகிறேன், நேரில் வந்து அவளுக்குச் சொல்லட்டும்.